டெட்ராய்டைப் பார்க்காத டெட்ராய்ட் போலீஸ்காரன்

முதலில் அந்தத் திரைக்கதை தரையில் விழுந்தது. தூக்கிப் போட்டவர் பால் வெர்ஹோவன். நெதர்லாந்துக்காரர். லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து, அந்தப் பட்டத்தைப் பரணில் ஏற்றிவிட்டுப் படம் எடுக்க வந்தவர். சொந்த ஊரில் பெரிய பெயர். ஹாலிவுட்டிலிருந்து கட்டு ஒன்று வருகிறது. பிரித்தால் மேலே 'ரோபோகாப்' என்று இருக்கிறது. இயந்திரப் போலீஸ்! கொஞ்சம் புரட்டியதுமே நொந்துபோய்விட்டார். கட்டை வீசிவிட்டுக் கடலில் நீந்தப் போய்விட்டார். விடுமுறைக்கு வந்த இடத்தில் மனுஷன் வேறென்ன செய்வார்?

கரையில் இருந்த மனைவி மார்ட்டின் அதை எடுத்துப் படித்தார். திரும்பி வந்த கணவரிடம், இது வெறும் டுமீல் டுமீல் சமாச்சாரம் இல்லை, உள்ளே வேறென்னவோ இருக்கிறது, இன்னொரு தடவை பாருங்கள் என்றார். மனைவி சொல்லே மந்திரம் என்பது டச்சுக்காரர்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. 1987 ஜூலை 17 அன்று படம் வெளியானது. சுமார் 1.37 கோடி டாலரில் எடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் ஐந்து கோடிக்கு மேல் அள்ளியது.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. வருங்கால டெட்ராய்ட். ஊர் திவாலாகிக் கிடக்கிறது. காவல்துறையை நடத்துவது ஓசிபி என்ற கம்பெனி. பெயரில்தான் ஓசி, எதையும் ஓசியில் தராது. மர்பி என்ற நல்ல போலீஸ்காரரை ரவுடிகள் சல்லடையாக்கிவிட்டுப் போகிறார்கள். செத்தவரைக் கம்பெனி எடுத்து, இரும்புக்குள் போட்டு, மறுபடியும் டூட்டிக்கு அனுப்புகிறது. ஆபரேஷனில் பாடுபட்டு அவருடைய இடது கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கம்பெனி அதிகாரி முகம் சுளித்து, அதையும் எடுத்துவிடுங்கள் என்கிறார். வேலைக்குச் சேரும்போதே எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, சட்டப்படி ஆள் காலி, கேட்க நாதி ஏது?

எழுதியவர்கள் எட்வர்ட் நியூமையரும் மைக்கேல் மைனரும். நியூமையர் ஸ்டூடியோ வேலையில் இருந்த காலத்தில் 'பிளேடு ரன்னர்' செட்டுப் பக்கம் சுற்றித் திரிந்தவர். ரோபோவையே போலீஸாக்கினால் என்ன என்ற யோசனை அங்கேதான் முளைத்தது. இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். 1982இல் 'பிளேடு ரன்னர்' வந்ததிலிருந்து சினிமாவில் எதிர்காலம் என்றாலே மழைதான். நசநசவென்று தூறல், புகை, நியான் விளக்கு, ஈரத் தெரு, கோட்டுக் காலரைத் தூக்கிவிட்ட ஆள். பூமி சூடாகி வறண்டுபோகும் என்று விஞ்ஞானிகள் சொல்லிக்கொண்டிருக்க, கலை இயக்குநர்கள் மட்டும் நிரந்தரமாக ஐப்பசியை அறிவித்துவிட்டார்கள்.

'ரோபோகாப்'பில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மழைக்கும் புகைக்கும் காசு வேண்டுமே. 'பிளேடு ரன்னர்' செலவில் ஏறக்குறையப் பாதிதான் இவர்களிடம் இருந்தது. எதிர்காலத்தைக் கட்டி எழுப்பப் பணம் இல்லை. சரி, எங்கேயாவது ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிறார்களா என்று தேடிப் போனார்கள். கட்டிவைத்திருந்தார்கள், டெக்சஸ் மாநிலத்தில்.

டல்லாஸில் எண்ணெய்க் காசு கொழித்த காலத்துக் கட்டடங்கள். கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி கோபுரம் கோபுரமாக நின்றன. நிஜ டெட்ராய்டோ செங்கல்லும் கரியுமாகப் போன நூற்றாண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆக, டெட்ராய்டுக்கு டெட்ராய்டாக நடிக்க முகவெட்டு போதவில்லை. டல்லாஸைக் கால்ஷீட் போட்டு அழைத்தார்கள். 1986 கோடையில் அங்கே படப்பிடிப்பு. இயந்திரப் போலீஸ் காவல் காக்கும் டெட்ராய்ட் தெருக்களில் பெரும்பாலானவை உண்மையில் டல்லாஸ் தெருக்கள். கடைசிச் சண்டை நடக்கும் துருப்பிடித்த எஃகு ஆலை பென்சில்வேனியாவின் மோனெசன் ஊரில் இருந்தது. படம் முழுக்க ஊரைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பவன், அந்த ஊரைக் கண்ணால் பார்த்தானா என்பது சந்தேகம்தான்.

ஓசிபி தலைமையகத்தைக் கவனியுங்கள். வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும் ராட்சசக் கட்டடம். அதன் அடிப்பகுதி டல்லாஸ் மாநகராட்சி அலுவலகம்! லூவர் அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பிரமிடு கட்டிக் கொடுத்த ஐ.எம்.பெய் வடிவமைத்து 1978இல் திறந்த கட்டடம். சாதாரணக் கட்டடம் மேலே போகப் போகச் சிறுக்கும். இது தலைகீழ். மேலே போகப் போக அகன்று, வரி கட்டாமல் போகிறவனைக் குனிந்து பார்க்கிற மாதிரி தெருப் பக்கம் சாய்ந்து நிற்கும். உயரம் மட்டும் பத்து மாடிக்கும் குறைவு. மிச்ச மாடிகளை ரோக்கோ ஜியோஃப்ரே என்ற ஓவியர் தூரிகையால் கட்டினார். மேட் ஓவியம் என்பார்கள். நடிகர்கள் நடந்துபோகும் கீழ்ப்பகுதியைப் படமெடுத்துக்கொண்டு, மேற்பகுதியைச் சாயத்தில் வரைந்து, இரண்டையும் ஒரே பிலிமில் ஒட்டுப்போடுவது. சிமென்ட் வேண்டாம், மணல் வேண்டாம், பிளான் அப்ரூவலும் வேண்டாம்.

மாநகராட்சியைக் கம்பெனி விழுங்கும் கதைக்கு மாநகராட்சிக் கட்டடத்தையே கம்பெனியாக நடிக்கவைத்திருக்கிறார்கள். டல்லாஸ் நகரத் தந்தையர் திரைக்கதையின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டா அனுமதி கொடுத்தார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அந்தக் கட்டடத்தின் உள்ளே, இயக்குநர் குழு கூடும் அறையில், டெல்டா சிட்டியின் மாதிரி வடிவம் மேசைமேல் இருக்கிறது. பழைய டெட்ராய்டை இடித்துவிட்டுக் கம்பெனி கட்டப்போகும் கனவு நகரம். வெள்ளை வெளேரென்று, ஒரு தூசி தும்பு இல்லாமல். மனை விற்பவர்களின் பிரோஷரைப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளை உடனே புரியும். நீச்சல் குளம், நடைபாதை, மரத்தடியில் சிரிக்கும் குடும்பம் எல்லாம் அச்சில் இருக்கும். நேரில் போனால் ஒரு கல்லும் நாலு ஆடும் இருக்கும். இந்தப் படத்தின் காட்சி அழகு முழுவதும் பிரோஷருக்கும் ஆடுகளுக்கும் நடுவே நடக்கிற சண்டைதான் என்பது என் கட்சி. கம்பெனி காட்டுவதெல்லாம் பளபளப்பு. டெலிவரி ஆவதெல்லாம் ஓட்டை.

அந்த மேசையின் முன்னால்தான் தமிழில் 'டெமோ' என்று சொல்லப்படுவது நடக்கிறது. ஈடி-209 என்ற காவல் இயந்திரம் தொம் தொம்மென்று நுழைகிறது. இரண்டு கால், இரண்டு துப்பாக்கிக் கை, கண் கிடையாது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் கம்பி மாதிரி ஒரு சட்டம். கின்னி என்ற இளம் அதிகாரியைக் கூப்பிட்டு, இந்தத் துப்பாக்கியை அதன் பக்கம் நீட்டு என்கிறார்கள். பையன் நீட்டுகிறான். கீழே போடச் சொல்கிறது இயந்திரம், இத்தனை வினாடி அவகாசம் என்று எண்ணுகிறது. போட்டுவிடுகிறான். இயந்திரத்துக்கு அது தெரியவில்லை, எண்ணிக்கொண்டே போகிறது. கின்னி சக அதிகாரிகளின் பின்னால் ஒளியப் பார்க்க, அவர்கள் அவனைத் திரும்பத் திரும்ப முன்னால் தள்ளுகிறார்கள். அலுவலக வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடைசியில் சுடுகிறது. சுட்டுக்கொண்டே இருக்கிறது. பையன் போய் விழும் இடம் டெல்டா சிட்டி மாதிரியின் மேல். வெள்ளை நகரம் சிவப்பாகிறது. ஒருவர் ஆம்புலன்ஸ் என்று கத்துகிறார். முதலாளி, தனக்கு ரொம்ப ஏமாற்றமாக இருப்பதாகத் தெரிவிக்கிறார். விற்க வந்தவர், சின்னக் கோளாறுதான், சரிசெய்துவிடலாம் என்கிறார்.

இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் கிரெய்க் ஹேய்ஸ், நடக்கவைத்தவர் ஃபில் டிப்பெட். 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் படத்தில் பனியில் நடக்கும் இரும்பு யானைகளை உயிர்ப்பித்த அதே டிப்பெட். ஆள் உயரத்தைத் தாண்டிய பொம்மை ஒன்று செய்தார்கள். அது நிற்கும், அவ்வளவுதான். நடக்க வேண்டும் என்றால் குட்டிப் பொம்மை. காலை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு பிரேம், இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு பிரேம், இப்படி 24 பிரேம் எடுத்தால் ஒரு வினாடி. டிப்பெட் கையில் அந்தப் பொம்மைக்குச் சுபாவமே வந்துவிட்டது. எதிரில் யாராவது பேசினால் லேசாகத் தலையைச் சாய்த்துக் கேட்கும், புரியாத மாணவன் மாதிரி.

அது ரோபோகாப்பைத் துரத்திக்கொண்டு மாடிப்படி வரை வரும். அங்கே வந்து நிற்கும். படிக்கட்டைப் பார்க்கும். வடிவமைத்த பொறியாளர்களில் ஒருவருக்கும் மாடிப்படி என்ற ஒன்று உலகில் இருப்பது ஞாபகம் வரவில்லை! ஒரு காலை நீட்டி, கட்டைவிரலால் குளத்துத் தண்ணீரின் குளிர்ச்சியைப் பார்ப்பதுபோல முதல் படியைத் தொட்டுப் பார்க்கும். பின்வாங்கும். மறுபடி நீட்டும். பிறகு மொத்தமும் உருண்டு விழும். மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டு வீல்வீலென்று கத்தும். ஊரையே நடுங்கவைத்த ஜந்து, திருவிழாவில் பலூன் கிடைக்காத பிள்ளையாகிவிடும். கம்ப்யூட்டர் வரைகலை வந்தபிறகு எத்தனையோ ஆயிரம் ரோபோக்கள் திரையில் ஓடிவிட்டன, பறந்துவிட்டன. மாடிப்படியில் விழுந்து மனத்தில் நின்றது இது ஒன்றுதான்.

இனி சட்டை விவகாரம்.

ரோபோகாப்பின் உடலைச் செய்தவர் ராப் போட்டின். இருபத்திரண்டு வயது வாக்கில் 'தி திங்' படத்துக்கு ரத்தமும் சதையுமான பூதங்களைச் செய்து, பார்த்தவர்களைச் சாப்பாட்டை ஒதுக்கவைத்த மேதை. அவர் ஒரு வடிவம் வரைந்தார். வெர்ஹோவன், இன்னும் இயந்திரம் மாதிரி வேண்டும் என்றார். அதைச் சேர்த்தார், இதைச் சேர்த்தார், மாதக்கணக்கில் மாற்றினார். கடைசியில் முதலில் போட்ட படமே நன்றாக இருந்தது என்று ஏறக்குறைய அங்கேயே திரும்பி வந்தார்கள். வீடு கட்டியவர்களுக்கும் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர்களுக்கும் இந்தச் சரித்திரம் புதிதாக இருக்காது. இதற்குள் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியாத அளவுக்குச் சண்டை முற்றியிருந்தது.

உள்ளே போகவேண்டியவர் பீட்டர் வெல்லர். ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகர் பெயரும் முதலில் அடிபட்டது. ஆனால் அந்த உடம்பின் மேல் இன்னொரு உடம்பை மாட்டினால் நடமாடும் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ஒல்லியான ஆள் வேண்டும். தலைக்கவசம் போட்டால் தெரியப்போவது மூக்குக்குக் கீழே இரண்டு அங்குலம். ஆகவே தாடை நன்றாக இருக்க வேண்டும். நடிப்புலகில் தாடைக்காகக் கதாநாயகன் ஆனவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். (பின்னாளில் இதே மனிதர் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலக் கலை வரலாற்றில் ஆராய்ச்சி செய்து, 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். உள்ளே இருந்தது வெறும் தாடை இல்லை.)

வெல்லர் சிரத்தையானவர். ஜூலியார்டு பள்ளியில் உடலசைவு கற்பிக்கும் மோனி யாகிமிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார். சட்டை இன்னும் வரவில்லையே என்று அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் காப்புக் கவசங்களைக் கட்டிக்கொண்டு, பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு நடக்கப் பழகினார். நடை தயார், உடை தயாராகவில்லை. படப்பிடிப்பு தொடங்கியும் வரவில்லை. ஒரு வழியாக வந்து இறங்கிய அன்று மாட்டத் தொடங்கினார்கள். மாட்டினார்கள், மாட்டினார்கள், பதினொரு மணி நேரம் மாட்டினார்கள். கல்யாணப் பெண் அலங்காரம்கூட அதற்குள் முடிந்து, பெண் மாமியார் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். எல்லாம் முடிந்து வெல்லர் ஓர் அடி எடுத்துவைத்தார். பாம்பு நடை வரவில்லை. எந்த நடையும் வரவில்லை.

வேலை நின்றது. நடிகரை மாற்றிவிடலாமா என்றுகூடப் பேச்சு கிளம்பியது. யாகிமை வரவழைத்தார்கள். அவர் பார்த்துவிட்டு, வேகம் வேண்டாம், எல்லாவற்றையும் மெதுவாக்கு என்றார். ஐசன்ஸ்டைனின் 'இவான் தி டெரிபிள்' படத்தில் நிகோலாய் செர்கசோவ் கழுத்தையும் தோளையும் திருப்பும் கம்பீரத்தை வெல்லர் மாதிரியாக எடுத்துக்கொண்டார். முதலில் தலை திரும்பும். ஒரு கணம் கழித்து, யோசித்து முடிவெடுத்ததுபோல, உடம்பு திரும்பும். உலகம் முழுக்கத் தெருப் பிள்ளைகள் 'ரோபோ நடை' என்று நடந்து காட்டியது இதைத்தான். சட்டை உடம்பைப் பிடித்துக்கொண்டதால் வந்த நடை.

அந்த இரும்பு, இரும்பே இல்லை. ரப்பர் நுரையும் பிளாஸ்டிக் வகையறாவும். மேலே உலோகச் சாயம், காலடியில் 'டங்' என்ற ஓசை ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்தது. டெக்சஸ் கோடையில் அதற்குள் ஓர் ஆள் வெந்துகொண்டிருந்தார். தினமும் கிலோ கணக்கில் வியர்வையாக இறங்கினார். பிறகுதான் யாருக்கோ மனம் இரங்கி, உள்ளே குளிர்காற்று விட ஏற்பாடு செய்தார்கள். ஒரு காட்சியில் சார்ஜென்ட் கார்ச் சாவியைத் தூக்கிப் போட, ரோபோகாப் லாகவமாகப் பிடிக்க வேண்டும். சாவி ரப்பர் கையில் பட்டதும் பந்து மாதிரி எகிறிக் குதித்தது. இன்னொரு டேக். மறுபடி எகிறியது. ஐம்பது டேக் வரை போனதாகச் சொல்வார்கள், அன்றைய பொழுது அந்தச் சாவிக்கே போயிற்று. திரையில் அது ஒரு வினாடி. இயந்திரத்தின் துல்லியம் என்று நாம் வாய் பிளந்தோம்.

சாவியைப் பிடித்தாயிற்று, காரில் ஏற வேண்டாமா? எதிர்காலப் போலீஸ் கார் என்று அவர்கள் கொண்டுவந்து நிறுத்தியது 1986 மாடல் ஃபோர்டு டாரஸ். புதிதாகக் கடைக்கு வந்திருந்த, மூலை முடுக்கெல்லாம் உருட்டிவிட்ட, குடும்பத்தோடு கடைகண்ணிக்குப் போகிற கார். பளபளப்பில்லாத கறுப்பை அடித்ததும் எதிர்காலம் தயார். ஆனால் சட்டை போட்ட ரோபோகாப் அதில் நுழைய முடியவில்லை. கதவு வழியாக இல்லை, எந்த வழியாகவும் இல்லை. சட்டமும் ஒழுங்கும் தெருவில் நின்றது. என்ன செய்தார்கள்? இடுப்புக்கு மேலே மட்டும் சட்டையை மாட்டி உட்காரவைத்துவிட்டார்கள். டெட்ராய்டின் கடைசி நம்பிக்கை, கண்ணாடி வழியாக இறுகிய தாடையோடு நகரத்தை நோட்டம் விட்டுக்கொண்டு போகும்போதெல்லாம், கேமராவுக்குக் கீழே அரை டிராயரில் இருந்தது.

அவருடைய அறிமுகக் காட்சியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஹீரோ என்ட்ரி தெரியும்தானே, முதலில் ஷூ, பிறகு கை, பிறகு முதுகு, கடைசியில்தான் முகம். வெர்ஹோவனும் ஏறக்குறைய அதையே செய்கிறார். காவல் நிலையத்துக்குள் அவர் வருவது கம்பி வலைக்குப் பின்னால், மங்கிய கண்ணாடிக்குப் பின்னால், டிவித் திரையில் கோடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும். மற்ற போலீஸ்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுவார்கள், கேமராவும் அவர்களோடு ஓடும். ஒளிப்பதிவாளர் ஜோஸ்ட் வகானோ, 'தாஸ் போட்' படத்துக்காக நீர்மூழ்கிக் கப்பலின் சந்து பொந்துகளில் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர். அவருக்கு ஒரு காவல் நிலையம் எம்மாத்திரம்.

அதற்கும் முன்னால் ஒரு காட்சி. செத்த மர்பிக்கு உயிர் வருகிறது, நாம் அவர் கண்ணுக்குள்ளே இருக்கிறோம். திரை முழுக்கக் குறுக்குக் கோடுகள். விஞ்ஞானிகள் எட்டிப் பார்க்கிறார்கள், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் ஒரு பெண்மணி கேமராவுக்கே முத்தம் கொடுத்து உதட்டுச் சாயத்தைப் பதிக்கிறார். இதை நான் முதலில் பார்த்தது வாடகை டெக்கில், தேய்ந்த கேசட்டில். எந்தக் கோடு ரோபோவின் கண், எந்தக் கோடு கேசட்டின் கோளாறு என்று பிரித்தறியவே முடியவில்லை. டெக்கின் தலையைத் துடைக்கலாம் என்று இரண்டு முறை நிறுத்தினோம். பல வருஷம் கழித்து நல்ல பிரதியில் பார்த்தபோதுதான் பாதிக் கோடு இயக்குநர் போட்டது என்று புரிந்தது. அந்தப் பிரதியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரோபோகாப் கண் விழிக்கும்போது எழுத்துகள் ஓடுகின்றனவே, அதில் 'கமாண்ட்.காம்' என்று வருகிறது. டாஸ்! அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏசி அறையில் கற்றுக்கொண்டோமே, அதே டாஸ். கோடிக்கணக்கில் செலவழித்த கம்பெனி, மனிதனை மரணத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்து கறுப்புத் திரையில் பூட் செய்கிறது. நல்லவேளை, பிளாப்பியைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

கதைக்கு நடுவே படத்தை அறுத்துக்கொண்டு செய்தியும் விளம்பரமும் வந்துகொண்டே இருக்கும். ஓவியர் மோண்ட்ரியானின் கறுப்புக் கோடுகள் வண்ணக் கட்டங்களை வெட்டுவதுபோல இவை படத்தை வெட்டுகின்றன என்று வெர்ஹோவன் விளக்கம் சொன்னார். டச்சுக்காரர், தன் ஊர் ஓவியரை விட்டுக்கொடுப்பாரா? செய்தி வாசிப்பவர்கள் இருவரும் நிஜமாகவே தொலைக்காட்சி முகங்கள், லீசா கிப்பன்ஸும் மரியோ மச்சாடோவும். விண்வெளியிலிருந்து நாட்டைக் காக்கும் ஆயுதம் கைதவறிச் சுட்டு, சான்டா பார்பரா பக்கம் 113 பேர் மாண்டார்கள், அதில் ஓய்வு பெற்ற அதிபர்கள் இருவர் என்பதை, நாளை மேகமூட்டம் என்கிற அதே புன்னகையோடு வாசிக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் அன்றைய அதிபர் ரீகனின் பண்ணை வீடு இருந்தது. விளம்பரங்களோ இன்னும் மோசம். தவணையில் செயற்கை இதயம், உத்தரவாதத்தோடு, யமஹா பிராண்டும் உண்டு! குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாட அணுகுண்டுப் போர் பலகை. எல்லாவற்றுக்கும் மேலே 6000 எஸ்யூஎக்ஸ் கார். நகரத்தை மிதித்துத் துவைத்துக்கொண்டு வரும் டைனோசர் அதன் பிரம்மாண்டத்தைக் கண்டு அரண்டுவிடும். மைலேஜ் காலனுக்கு 8.2 மைல் என்று மார்தட்டுகிறார்கள். நம் கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர். பழைய ஓல்ட்ஸ்மொபில் கார் ஒன்றின்மேல் புதுக் கூடு பொருத்தி அதைச் செய்தவர் ஜீன் வின்ஃபீல்டு. மாடல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைச் சேர்த்து வாசித்தால் அமெரிக்கத் தெருவில் படுமட்டம் என்று அர்த்தம். கார் வாங்குகிறவன் மட்டும் அதைச் சேர்த்து வாசிப்பதில்லை.

தணிக்கைக்காரர்கள் படத்தைப் பார்த்து வெலவெலத்துப்போய் எக்ஸ் சான்றிதழை நீட்டினார்கள். வெட்டி ஒட்டி மறுபடி மறுபடி அனுப்பினார்கள், பதினொரு தடவை போனதாகச் சொல்வார்கள். கின்னி சாகும் காட்சியும் மர்பி சாகும் காட்சியும் சுருங்கின. வெர்ஹோவனின் வருத்தம் விசித்திரமானது. நான் அளவுக்கு மீறிக் காட்டியதே சிரிக்கத்தான், வெட்டியபிறகுதான் அது நிஜக் கொடூரமாகிவிட்டது என்றார். யோசித்தால் நியாயம்தான். இயந்திரம் பத்து குண்டு சுட்டால் கொலை. ஆள் போய்ச் சேர்ந்து நேரமாகியும் சுட்டுக்கொண்டே இருந்தால், அணைக்கத் தெரியாத மிக்ஸி. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹேக் நகரில் சிறுவனாக வளர்ந்தவர் அவர். குண்டும் பிணமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் கிடந்த பால்யம். ரவுடிக் கூட்டத் தலைவன் கிளாரன்ஸுக்கு விளிம்பில்லாத கண்ணாடி மாட்டிவிட்டு, ஹிம்லர் மாதிரி இருக்கிறதல்லவா என்று ரசித்த மனிதரிடம் நகைச்சுவை வேறெப்படி இருக்கும்?

அந்த மனிதருக்கு ஏசுவின்மேல் தீராத ஆராய்ச்சி ஆர்வமும் உண்டு, பின்னாளில் புத்தகமே எழுதினார். மர்பியின் கையை முதலில் சுட்டுத் துண்டிப்பது சிலுவைப்பாடு, மீண்டு வருவது உயிர்த்தெழுதல், கடைசியில் எஃகு ஆலைக் குட்டையில் நடந்துவரும்போது தண்ணீர்மேல் நடப்பதுபோலத் தெரிவது தற்செயல் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அமெரிக்க ஏசுவாம். அதனால்தான் நடந்து முடித்ததும் துப்பாக்கியை எடுக்கிறார்.

பிறகு வந்தவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 1990இல் இரண்டாம் பாகம், டெட்ராய்டாக நடித்தது ஹூஸ்டன். 1993இல் மூன்றாம் பாகம், இந்தத் தடவை அட்லாண்டா. 2014இல் புதிதாக எடுத்தார்கள், பெரும்பாலும் கனடாவில். அந்தப் புது ரோபோகாப்புக்கு உடை தயாரித்தது லெகசி எஃபெக்ட்ஸ். 'எந்திரன்' சிட்டியின் இயந்திர உடம்புக்கு 2010இல் வேலை செய்த அதே நிறுவனம். அந்த உறவு முறையில் சிட்டி அண்ணன், இவர் தம்பி. தம்பிக்கு எல்லாம் வழவழவென்று பொருந்தியது, கறுப்பில் அடித்தார்கள், மாடிப்படி ஒரு பொருட்டே இல்லை, மனிதக் கை ஒன்றையும் பெருந்தன்மையாக விட்டுவைத்தார்கள். பார்த்து முடித்து வெளியே வந்ததும் எனக்கு எதுவும் நினைவில்லை. அந்தக் கை மட்டும் நினைவிருந்தது. நல்ல கை.

இதற்கிடையில் நிஜ டெட்ராய்ட், யாரும் கால்ஷீட் கேட்காமலே கதைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சம். 2013 ஜூலை 18 அன்று நிஜமாகவே திவால் மனு போட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2011இல், ட்விட்டரில் ஒருவர் மேயருக்கு யோசனை சொன்னார், பிலடெல்பியாவில் ராக்கிக்குச் சிலை இருக்கிறது, இங்கே ரோபோகாப்புக்கு ஒன்று வையுங்களேன் என்று. மேயர் டேவ் பிங், அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மரியாதையாகப் பதில் போட்டார். குப்பை அள்ளக் காசில்லாத மேயர் வேறென்ன சொல்வார்? ஆனால் ரசிகர்கள் இணையத்தில் உண்டியல் குலுக்கி 67,000 டாலருக்கு மேல் திரட்டிவிட்டார்கள். வார்ப்பு வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. வார்த்து முடித்தபிறகு வைக்க இடம் கிடைக்கவில்லை. இரும்புச் சட்டை அன்று செட்டுக்கு வந்த அழகு ஞாபகம் இருக்கிறதல்லவா, அதே ராசி.

ஒரு வழியாக 2025 டிசம்பரில், ஈஸ்டர்ன் மார்க்கெட் பகுதியில் நிறுத்தினார்கள். பதினோரு அடி உயரம், ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, அசல் வெண்கலம். முப்பத்தெட்டு வருஷம் கழித்து டெட்ராய்ட் போலீஸ்காரன் டெட்ராய்டுக்கு டூட்டிக்கு வந்து சேர்ந்தான். இந்தத் தடவை இடுப்புக்குக் கீழேயும் முழுசாக வார்த்திருக்கிறார்கள்.